டாங் குவாய், அக்கு ஊசி, அசோகப்பட்டை: மாதவிலக்கு நிற்கும் வயதில் எதை நம்புவது?

கேள்வி – மார்ச் 3, 2024

கடலூர் செம்மண்டலத்திலிருந்து எழுதுகிறேன். வயது 48. போன ஆடியிலிருந்து தூரம் ஒழுங்காக வருவதில்லை. ராத்திரி திடீரென்று கழுத்திலிருந்து தலை வரை தகதகவென்று எரிந்து, ஜாக்கெட் நனைந்து எழுந்து உட்கார்கிறேன். டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். புற்றுநோய் வரும் என்று பயந்து வாங்கவில்லை. பாரிசில் இருக்கும் சின்னம்மா மகள் டாங் குவாய் என்று சீன மூலிகை கேப்சூல் இரண்டு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறாள். நாலாயிரம் வருஷ மருத்துவம், பக்க விளைவே கிடையாது என்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா அக்குபங்சர் போகச் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

டப்பாவைத் திறக்க வேண்டாம். முதலில் பதில் சொல்லுங்கள்: வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? பிரஷர், சுகர், தைராய்டு, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம்? கடைசி இரண்டில் ஒன்று இருந்தால் டாங் குவாய் பக்கமே போகக்கூடாது, இரத்தப்போக்கு கூடும். மார்பில் கட்டி எடுத்தவர்களும் தொடக்கூடாது.

நான் முதலியார்பேட்டையில் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்பவள். எனக்கும் மாதவிலக்கு நின்றுவிட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதுகிறேன்.

மார்ச் 4, மதியம்

தைராய்டு மாத்திரை மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டாங் குவாய் என்பது சீனர்கள் பெண்களுக்கென்றே வைத்திருக்கும் ஒரு வேர். மாதவிலக்குக் கோளாறு, பிரசவத்துக்குப் பிந்தைய பலவீனம், எல்லாவற்றிலும் அது இருக்கும். 1997-இல் கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்தார்கள். மாதவிலக்கு நின்ற 71 பெண்கள், 24 வாரம், பாதிப் பேருக்கு டாங் குவாய், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. வெப்ப அலையில், அதாவது உங்களுக்கு ராத்திரி வரும் அந்தத் திடீர் எரிச்சலிலும் வியர்வையிலும், இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. கர்ப்பப்பை உட்சுவரின் தடிமனிலும் இல்லை, அதாவது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்கிறது என்ற பேச்சுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

அதற்குச் சீன மருத்துவர்கள் சொன்ன ஆட்சேபம் எனக்கு நியாயமாகப்படுகிறது. நாங்கள் இதைத் தனியாக யாருக்கும் கொடுப்பதே இல்லை, நாலைந்து சரக்கோடு சேர்த்துத்தான் கொடுப்போம் என்றார்கள். பெருங்காயத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு சாம்பார் நன்றாக இல்லை என்று சொன்ன கதை. ஆனால் உங்கள் தங்கை அனுப்பிய டப்பாவில் இருப்பதும் வெறும் பெருங்காயம்தானே! சீன வைத்தியரே ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் சீன வைத்தியம் என்று விற்கிறார்கள்.

மார்ச் 4, இரவு

ஒருவர் "அப்போ சேர்த்துக் கொடுக்கும் மருந்து வேலை செய்கிறதா" என்று கேட்டிருக்கிறார். 2016-இல் அப்படிப்பட்ட 22 ஆய்வுகளை, ஏறக்குறைய 2,900 பெண்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட மேல் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தார்கள். ஆய்வுகளின் தரம் மோசம் என்பதும் அதில் உண்டு. வேலை செய்யவே செய்யாது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 5

நாலாயிரம் வருஷத்தைப் பற்றி. மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கென்று சீனாவில் ரொம்பப் பேர் பெற்ற கஷாயம் எர் சியான் தாங். அது 1950-களில் ஷாங்காயில் உருவானது. என் அம்மாவைவிட வயதில் சின்னது.

அதில் ஆறு சரக்கு. முதலாவது சியான் மாவ். அது என்ன செடி என்று பார்த்தால் நம் நிலப்பனைக் கிழங்கு! அதே செடி, தாவரப் பெயரும் ஒன்றேதான். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், சித்தத்தில் பெரும்பாலும் ஆண்களுக்கான சூரணங்களில் சேர்ப்பார்கள். பாரிசிலிருந்து விமானத்தில் வரும் மூலிகைக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை, பெரிய மார்க்கெட் பக்கம் சாக்கில் கிடக்கும் கிழங்குக்கு இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் நிலப்பனை வாங்கி இடிக்க வேண்டாம். அந்தக் கஷாயத்தில் சூடு தரும் சரக்கோடு அதைத் தணிக்கும் சரக்கும் சேர்த்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் உருவிச் சாப்பிட்டால் மேலே சொன்ன டாங் குவாய் கதைதான்.

அவர்கள் சொல்லும் காரணமும் நமக்குப் புதிதில்லை. பெண்ணின் உடம்பு ஏழு ஏழு வருஷமாக மாறுகிறது, ஏழேழு நாற்பத்தொன்பதில் மாதவிலக்கு வற்றுகிறது என்று அவர்களுடைய ஈராயிரம் ஆண்டுப் பழைய நூல் சொல்கிறது. சிறுநீரகத்தின் குளிர்ச்சி குறைகிறது, கீழே தண்ணீர் வற்ற மேலே சூடு ஏறுகிறது. நம் வீட்டுப் பாட்டிகள் "உடம்பு சூடு தலைக்கேறுது" என்று சொல்லி எண்ணெய் வைத்ததும் இதே கணக்கில்தான். பாரிஸ் டப்பா நம் பெண்கள் மனதில் இவ்வளவு சுலபமாக இடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5, இரவு

"என் மனைவி இப்போது எல்லாவற்றுக்கும் எரிந்து விழுகிறாள், இதற்கு என்ன மருந்து" என்று கேட்ட அண்ணனுக்கு: மருந்து அவருக்கா, உங்களுக்கா? ராத்திரி முழுக்கத் தூங்காத ஆள் காலையில் சிரித்துக்கொண்டே இட்லி ஊற்ற மாட்டார். ஒரு வாரம் காலைச் சமையலை நீங்கள் பாருங்கள்.

மார்ச் 7

ஊசி. இது நானே போய்ப் பார்த்த விஷயம்.

தூக்கமே இல்லாமல் இருந்த காலம். கவுண்டரில் சில்லறை தப்பாகக் கொடுக்க ஆரம்பித்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பாண்டியிலேயே ஊசி போடும் அக்குபங்சர் மருத்துவரிடம் போனேன். கணுக்காலின் உள்பக்கம் நாலு விரல் மேலே ஒரு ஊசி, மணிக்கட்டில், நெற்றியில், வயிற்றில். முடி போல மெல்லிய ஊசி, வலி பெரிதாக இல்லை. கணுக்கால் மேல் போட்டதுதான் சுரீர் என்று இழுத்தது. போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்க வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். விளக்கு அணைந்திருக்கும், ஃபேன் ஓடும், போன் வெளியே இருக்கும். முதல் தடவையே நான் குறட்டை விட்டுத் தூங்கியதாக உதவிக்கு இருந்த பெண் சொன்னாள்.

வியர்வை குறைந்ததா? கொஞ்சம் குறைந்தது. தூக்கம் நன்றாகவே வந்தது. ஊசியாலா, அந்த அரை மணி நேரத்தாலா என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பட்டப்பகலில் யாரும் கூப்பிடாத ஒரு அறையில் அதற்கு முன் நான் படுத்ததே இல்லை. அதோடு அந்த மருத்துவர் முதல் நாள் கேட்ட கேள்விகள்: பசி, தாகம், கனவு, கால் குளிருமா, யாரோடு சண்டை... நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு கை நாடியும் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது டோக்கன் நம்பரும் "இந்த வயசுல இப்படித்தாம்மா"வும்.

ஆஸ்திரேலியாவில் 327 பெண்களை வைத்து 2016-இல் வந்த ஆய்வும் இதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரு பாதிக்கு உண்மையான ஊசி, மறு பாதிக்குத் தோலைத் துளைக்காத முனை மழுங்கிய போலி ஊசி. எட்டு வாரத்தில் பத்து அமர்வு. இரண்டு பிரிவிலும் வெப்ப அலைத் தொல்லை 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

மார்ச் 8

"அப்படியானால் ஊசி ஏமாற்றா" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. போலி ஊசிக்கும் 40 சதவீதம் குறைந்தது என்பதை மறுபடி படியுங்கள். இந்தத் தொல்லையில் எதைக் கொடுத்தாலும் கணிசமாகக் குறையும். ஹார்மோன் ஆய்வுகளில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே வெப்ப அலை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஹார்மோன் அதையும் தாண்டிக் குறைத்தது என்பதால்தான் அதை மருந்து என்கிறோம்.

கையில் காசும் நேரமும் இருந்து, சுத்தமான புது ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்தால் போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். மற்ற மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மார்ச் 8, இரவு

கடைசி வரியை ஏன் எழுதினேன் என்றால், என் நாத்தனார். நம் பக்கத்தில் அக்கு என்றாலே பாதி இடத்தில் ஊசி கிடையாது, நாடி பார்த்து ஒரே புள்ளியில் விரல் வைப்பதுதான். தொடுவதால் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. அவர் போன இடத்தில் "உடம்பில் இரசாயனம் இருக்கும்வரை சக்தி ஓடாது" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவரும் நிறுத்திவிட்டார், எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் தலை வெடிக்கிறது என்று உட்கார்ந்தவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். நல்ல வேளை, பிழைத்தார். இப்போதும் "வியர்வை நின்னுச்சு தெரியுமா" என்று அந்த இடத்தைப் புகழ்கிறார். என்ன சொல்ல!

மார்ச் 11

ஹார்மோன் பயம். கவுண்டரில் நான் தினமும் பார்ப்பது. சீட்டை நீட்டுவார்கள், "இது ஹார்மோனா" என்பார்கள், சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தப் பயம் 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து வருகிறது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் வருஷத்துக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் கண்டார்கள். பக்கவாதமும் அதே அளவு கூடியது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது மட்டும் ஊருக்குள் வந்து சேரவில்லை. மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குள், 60 வயதுக்குள் ஆரம்பிக்கும், வேறு ஆபத்து இல்லாத பெண்ணுக்குக் கணக்கு வேறு, நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய நிலை. மார்பகப் புற்றுநோய் வந்தவர், காலில் இரத்தம் கட்டியவர், பக்கவாதம் வந்தவர், கல்லீரல் கெட்டவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் விலகி நிற்க வேண்டும்.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஹார்மோனை விட்டு மூலிகைப் பக்கம் திரும்பிய பெண்கள் நிறைய. உங்கள் டப்பாவும் அந்த ஓட்டத்தில் வந்ததுதான்.

இன்னொன்று. பாண்டியில் பிரான்ஸ் உறவு இல்லாத தெரு கிடையாது. அங்கிருந்து லீவுக்கு வரும் அக்காமார் பையில் கையில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் இருக்கும். அதை அங்கேயே தடவிக்கொண்டு, இங்கே தங்கைக்கு மூலிகை வாங்கி வருகிறார்கள். ஒருவரிடம் கேட்டே விட்டேன். "எனக்கு டாக்டர் குடுத்தாரு, அவளுக்கு நான் எப்படிக் குடுக்கறது" என்றார். அதுவும் சரிதான்.

மார்ச் 12

கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். சினைப்பையும் சேர்த்து எடுத்திருந்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற நிலைதான், தொல்லையும் கடுமையாக இருக்கும். சினைப்பை இருந்தால் உடனே நிற்காது, கொஞ்சம் முன்னதாக வரலாம். தூரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததால் வியர்வையைத்தான் கவனிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எதை எடுத்தார்கள் என்று எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். நிறையப் பேருக்கு இது தெரியாது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மார்ச் 14

"மூலிகைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை" என்று இரண்டு பேர்.

1990-களின் ஆரம்பத்தில் பிரஸ்ஸல்ஸில் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ஸ்டெஃபானியா என்ற செடி இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோகியா என்ற வேறு செடி வந்துவிட்டது. சீனத்தில் இரண்டுமே ஃபாங் ஜி என்ற பெயரில் முடியும். நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது, பெரும்பாலும் பெண்கள். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் வரை போனார்கள். பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

இதில் நமக்கென்ன என்றால், அந்த அரிஸ்டோலோகியா குடும்பம் நம் வயலிலும் இருக்கிறது. கரிசல் நிலத்துக் களையான ஆடுதின்னாப்பாளை அதில் ஒன்று. பூச்சி மருந்தாகவும், தூரம் வர வைப்பதற்கும் கிராமத்தில் அரைத்துக் கொடுப்பார்கள். தூரம் தள்ளிப்போகிற 47, 48 வயதில் "அழுக்கு உள்ளேயே தங்குது" என்று இதைக் குடிக்கச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. குடிக்க வேண்டாம். உள்ளே எதுவும் தங்கவில்லை. வருவது குறைகிறது, அவ்வளவுதான்.

அதிமதுரமும் ஒன்று. சீனக் கஷாயம் பாதியில் அது இருக்கும், நம் வீட்டு இருமல் டப்பாவிலும் இருக்கும். தினசரி தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

மார்ச் 15, காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு சித்த மருத்துவர் தனியாக எழுதினார். கோபமாகத்தான். "படிக்காதவன் கொடுப்பதை எங்கள் கணக்கில் ஏன் சேர்க்கிறீர்கள்" என்று. நியாயமான கோபம். பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் கேளுங்கள். நான் பயப்படுவது பேப்பரில் மடித்துத் தரும் பெயரில்லாத பொடிக்கு.

மார்ச் 17

அசோகப்பட்டை. இதைக் கேட்காத நாள் இல்லை.

உண்மையான அசோகம், கொத்தாக ஆரஞ்சுப் பூ பூக்கும் மரம், இப்போது அரிதாகிவிட்டது. ஒயிட் டவுன் பங்களா ஓரமெல்லாம் ஒட்டடைக் கம்பு மாதிரி உயரமாக நிற்பது நெட்டிலிங்கம். வடக்கே அதையும் அசோகம் என்பார்கள், கடைப் பட்டையில் அதைக் கலப்பதும் ரொம்ப நாளாக நடப்பது. அசோகாரிஷ்டம் பாட்டிலாக வாங்கினால் அதில் புளித்து உண்டாகும் ஆல்கஹால் உண்டு. லேபிளில் போட்டிருக்கும், சுகர்காரர்கள் வெல்லத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பட்டையைவிட முக்கியம், எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்பது. அதிக உதிரப்போக்குக்குத்தான் இதைக் கொடுப்பார்கள், வெப்ப அலைக்கு இல்லை. ஒரு வருஷம் முழுக்கத் தூரம் வராமல் இருந்து, அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும் அது திரும்பி வந்த தூரம் இல்லை. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் முதலில் இப்படித்தான் காட்டும். பெரும்பாலானவர்களுக்கு அது வேறு சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனால் ஸ்கேன் பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. கடலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் கடைக்கு வரும் ஒரு அம்மா, 58 வயது, "திரும்ப வயசு வந்துடுச்சு" என்று சிரித்துக்கொண்டே பட்டை கேட்டார். கடையிலேயே உட்கார வைத்து மகளுக்குப் போன் போட்டேன். ஜிப்மரில் பார்த்து ஆபரேஷன் ஆனது. ஆரம்ப நிலைதான்.

மார்ச் 18

கத்திரி வெயில் வருவதற்குள் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார் ஒருவர்: புழுக்கத்துக்கும் வெப்ப அலைக்கும் என்ன வித்தியாசம்? பாண்டியில், மே மாசம், கரண்ட் போன ராத்திரி? கஷ்டம்தான். புழுக்கம் வீட்டில் எல்லோருக்கும் வரும். இது உங்களுக்கு மட்டும், நெஞ்சிலிருந்து மேலே ஏறி, ஓரிரு நிமிஷம் படபடப்போடு நின்று, போன பிறகு லேசாகக் குளிரும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் இடம் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகிறது. இம்மி சூடு கூடினாலும் வியர்வையைத் திறந்துவிடும். இது வருஷக்கணக்கில் நீடிக்கலாம். அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் அடிக்கடி வருபவர்களுக்கு நடு அளவு 7.4 வருஷம். அதே ஆய்வில் சீன, ஜப்பானிய வம்சத்துப் பெண்கள்தான் இந்தத் தொல்லையை மிகக் குறைவாகச் சொன்னவர்கள்.

மார்ச் 18, இரவு

அதற்குச் சோயாதான் காரணம் என்று உடனே ஒருவர். இருக்கலாம், உறுதியில்லை. மீல் மேக்கர், ஆரோவில் டோஃபு எது பிடித்தாலும் சாப்பிடுங்கள், புரதம் நல்லது. பலன் வந்தால் சின்னதாகத்தான் வரும். உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் அப்படியே. கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை சர்க்கரைதான் என்பதை என் வீட்டுக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எலும்புக்கு இவற்றை மட்டும் நம்பாதீர்கள். மாதவிலக்கு நின்ற முதல் சில வருஷங்களில்தான் எலும்பு வேகமாகக் கரையும், அது வலிக்கவும் வலிக்காது. மணிக்கட்டு உடையும்போதுதான் தெரியும். கீழே வறட்சி, அடிக்கடி நீர்க்கடுப்பு என்றாலும் கஷாயத்தில் நேரம் போக்காமல் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அதற்கு உள்ளே தடவும் க்ரீம் இருக்கிறது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டே வருஷங்களை ஓட்டுபவர்கள்தான் அதிகம்.

மார்ச் 21

செம்மண்டலத்துத் தங்கைக்கு. தைராய்டு மாத்திரையைப் பற்றிச் சொல்லாமலே போய்விட்டேன். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். மீல் மேக்கர், சோயா பால், கால்சியம் மாத்திரை எதுவானாலும் நாலு மணி நேரம் தள்ளி. தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் நல்லது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். உங்களுக்கு வேண்டாம், அது தைராய்டு அளவைக் கூட்டக்கூடியது, சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியதும் உண்டு. தைராய்டு மாத்திரை அளவு கூடிப்போனாலும் இதே மாதிரி படபடப்பும் வியர்வையும் வரும். அதனால் முதலில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை எடுங்கள். பழைய ரிப்போர்ட்டில் என்ன இருந்தது?

மார்ச் 23

ரிப்போர்ட் பார்த்தேன். டி.எஸ்.எச். 0.2 என்றால் குறைவு. தைராய்டு ஏறினால் இந்த எண் இறங்கும், அதாவது மாத்திரை அளவு உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். தேதி போன வருஷம் போட்டிருக்கிறது, புதிதாக எடுங்கள். அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம். அதே டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட், ஹார்மோன் சீட்டு, டாங் குவாய் டப்பா மூன்றையும் மேஜையில் வையுங்கள். திட்டினால் திட்டட்டும். சீட்டில் இருக்கும் மாத்திரைப் பெயரை இங்கே எழுதினால், அதை எப்போது எப்படிச் சாப்பிடுவது என்று நான் சொல்கிறேன். திங்கள் கடைக்கு லீவு, பதில் செவ்வாய் வரும்.